புரபசரின் சீப்பு

நவமணியின் தலையை அவள் கணவர்தான் வாருவார். அதுவும் அடுப்படியில், முடியின் ஈரம் போக அனல் படும்படி உட்கார வைத்து, எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த கறுப்புச் சீப்பால் நாலே இழுப்பு. உடனே எழுந்து ஓடிவிடுவார். அலமாரியில் இருக்கும் கண்ணாடி ஜாடியின் பித்தளைக் கம்பியைச் சீப்பால் தொட்டால், முடியில் உரசி ஏறிய மின்சாரத்தில் உள்ளே தொங்கும் தங்கத் தாள் இரண்டும் வெடுக்கென்று விலகி நிற்கும். அவை மெல்லத் தாழ்வதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பாதி வாரிய தலையோடு அவள் கஞ்சி கிண்டுவாள்.

அவர் தலையிலோ மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது.

அவர், பரஞ்சோதி, சிங்கப்பூரில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். வானத்திலிருந்து நியூட்ரினோ என்றொரு துகள் கொட்டுகிறது என்று கணக்குச் சொல்கிறது, கண்டவர் எவருமில்லை. அது எதன்மேலாவது மோதுமா என்று யோசித்தே மனிதருக்குத் தலைமயிர் போயிற்று. ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்ததும், ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வடக்கே பீடோங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு மூட்டை அரிசியைக் கொண்டுவருவோம் என்று தோன்றவில்லை.

"இந்த ஜாடியில அது சிக்காது, எனக்குத் தெரியும் லா. பூமியையே துளைச்சிக்கிட்டுப் போயிரும், ஒண்ணு மேலயும் முட்டாது. ஆனா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"நீங்களும் அதுமாதிரி யாரு மேலயும் முட்டாம இருங்க. அது போதும் எனக்கு," என்பாள் நவமணி.

பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது. ரேடியோ வைத்திருந்தான் என்று பக்கத்துத் தோட்டத்து ஆளை லாரியில் ஏற்றிப் போனார்கள், ஆள் திரும்பவில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற காலம்.

இங்கே முடிச்சைப் போட்டவள் அடுத்த வீட்டுக் காளியம்மா. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, எல்லாம் பெருமைதான். "எங்க புரபசரு வானத்துலேர்ந்து வர்றத ஜாடியில புடிக்கிறாரு" என்று பீடோங் பாசார் கடைத்தெருவில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தாள். வாய் சும்மா இருந்தால்தானே. கேட்டவர்களுக்கு அது ரேடியோவாகப் பட்டது.

லாரி மேடேறும் சத்தம் கேட்டதும் நவமணி யாரையும் கேட்கவில்லை. கம்பியைப் பிடுங்கி அடுப்புச் சாம்பலில் புதைத்தாள். உப்பு மாங்காயை அப்படியே ஜாடிக்குள் கவிழ்த்தாள். அவர் சீப்பைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

வந்தவர்கள் இரண்டு சிப்பாய்கள், மொழிபெயர்க்க ஒரு தமிழன். பாயை உதறினார்கள், மரவள்ளிக் கிழங்குக் கூடையைக் கொட்டினார்கள். ஒருவன் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். தங்கத் தாள் எந்தத் துண்டில் ஒட்டியிருக்கிறதோ என்று அவள் பார்வை ஜாடியைத் துழாவியது. அவன் ஒரு துண்டை எடுத்துக் கடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜாடியை வைத்தான். அப்போதுதான் அவர் சட்டைப் பையில் இருந்த சீப்பைக் கண்டான்.

"மொட்டைத் தலைக்கு எதுக்கு சீப்புன்னு கேக்குறாரு. சொல்லு லா," என்றான் தமிழன்.

ஒரு கேள்விக்கு ஒரு மணி நேரம் பதில் சொல்கிற மனிதர், பதிலுக்குச் சீப்பைக் கையில் எடுத்தார். பிறகு நவமணியின் தோளை அழுத்தித் தரையில் உட்கார வைத்தார். பின்னால் மண்டியிட்டுக் கொண்டையை அவிழ்த்து வாரத் தொடங்கினார். சிப்பாய்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே இறங்கிப் போய் லாரியில் ஏறினார்கள்.

சத்தம் தேய்ந்து மறைந்தது.

"போயிட்டாங்க," என்றாள் நவமணி. "விடுங்க, வலிக்குது."

சீப்பு நிற்கவில்லை. ஜாடிப் பக்கம் திரும்பாமல், வாரிய தலையையே மறுபடி மறுபடி வாரிக்கொண்டிருந்தார்.