ஹோல்டான்: செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை பதினெட்டு மைல்

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம். பழைய அணாவா, புதுக் காசா என்று பஸ்ஸில் தினமும் சண்டை நடக்கும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பதினெட்டு மைல். டிக்கெட் பத்தணா, புதுக் காசில் அறுபத்திரண்டு. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி போனில் தட்டுகிறாள்.

மறுநாள் மதராஸ் துறைமுக வேலைக்கு நான் ரயிலேற வேண்டும். அதற்குள் மாமல்லபுரம் போய், அத்தை மகள் கன்னியம்மாளிடம் எனக்காகக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். காலை எட்டு மணி வண்டியைப் பிடித்தேன்.

கண்டக்டர் முனுசாமியிடம் இருந்த இங்கிலீஷ் இரண்டே வார்த்தை. ரைட் என்றால் வண்டி கிளம்பும். ஹோல்டானுக்குத்தான் வேலை அதிகம். டிரைவரிடம் சொன்னால் வண்டி நிற்கும். வளைவில் எங்களிடம் சொன்னால் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் இஞ்சின் சூடாகி அரை மணி நேரம் நின்றபோது, முணுமுணுத்தவர்களிடமும் அதையே சொன்னார். பொறுத்துக்கொண்டோம்.

மாமல்லபுரத்துக்கு ஒரு மைல் முன்னால், சவுக்குத் தோப்போரம் கன்னியம்மாள் சுள்ளிக் கட்டோடு நடந்து போனாள். கண்டக்டர் மட்டுமே சொல்ல வேண்டியதை நான் கத்திவிட்டேன். வண்டி நின்றுவிட்டது.

"எவன்டா அவன்? மாமனார் வூட்டு வண்டியா இது?" என்றார் டிரைவர்.

"மாமனார் இன்னும் ஆவல அண்ணாத்த. அதுக்குத்தான் போய்க்கினு கீறான்" என்றார் முனுசாமி.

இறங்கி ஓடினேன். "ஒரு வருஷம் பொறு புள்ள" என்றேன்.

"நான் இன்னா பஸ்ஸா மாமா, நீ ஹோல்டான்னா நிக்கறதுக்கு?" என்று சிரித்தாள். பிறகு கட்டைக் கீழே இறக்கி வைத்தாள். "வர்ற சித்திர முடியற வரைக்கும் நிப்பேன். அப்பால நைனா சொல்றதுதான்."

சித்திரையில் லீவு கேட்டேன். கப்பல் நிற்கிறது என்று கொடுக்கவில்லை. வைகாசி ஆறாம் தேதி வந்து சேர்ந்தேன். திருவிடந்தைக்காரருக்கு அவளைக் கட்டிக்கொடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. சொன்ன கெடுவுக்கு மேலும் இரண்டு நாள் நின்றிருக்கிறாள்.

போகிறவர்களுக்கு: அதே வழி இன்று இருபத்தொன்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாக வடக்கே போனால் திருவிடந்தை. இறங்குவதானால் கண்டக்டரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். போன மாதம் நானும் அந்த வழியே போனேன். திருவிடந்தை நிறுத்தம் வந்தது. நான் வாய் திறக்கவில்லை.

டிரைவர் போய்விட்டார். முனுசாமி போய்விட்டார். அத்தையும் மாமாவும் போய், அவள் வீட்டுக்காரரும் போய்விட்டார். அன்று அந்த வண்டி ஏன் நின்றது என்று தெரிந்தவர்களில், என்னை விட்டால், இன்னும் இருப்பது கன்னியம்மாள்.