பன்னிரண்டு ரூபாய் ஸ்வெட்டர்

தொண்ணூறுகளின் நடுவில், காக்ஸ் டவுனில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த பழைய கார் ஷெட்டில் சனிக்கிழமைதோறும் ஒரு கடை நடந்தது. வீடுகளில் வேண்டாம் என்று கொடுக்கிற துணிமணி, பாத்திரம், பொம்மை, குடை எல்லாம் அங்கே விலைக்கு வரும். சேருகிற பணம் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்குப் போகும். வார நாட்களில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குப்பை கொட்டிய நான், சனிக்கிழமையானால் அங்கே துணி பிரிக்க உட்காருவேன். உதவி செய்யும் ஆசை பாதி, யார் வீட்டிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்கும் ஆசை மீதி. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

விலை போடுவது பெரியக்காவின் வேலை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோருக்கும் அவர் பெரியக்காதான். ஒரு பொருளைக் கையில் எடுத்தால், இது என்ன விலைக்கு வாங்கியது என்று கேட்கவே மாட்டார். இதை யார் வாங்குவார்கள் என்று மட்டும் யோசிப்பார். கண்ணாடிப் பூஜாடிக்கு நூற்றைம்பது ரூபாய் எழுதுவார், கனமான கம்பளிக்குப் பத்து ரூபாய் எழுதுவார். ஜாடி இல்லாமல் யாரும் குளிரில் நடுங்கப் போவதில்லை என்பார்.

"அதுக்கு சும்மாவே குடுத்துடலாமே பெரியக்கா" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓசியில வாங்கினா வாயத் தொறக்க முடியாது. காசு குடுத்தாதான், இங்க கறை இருக்குது, ரெண்டு ரூபா கொறைன்னு சண்ட போடலாம். போடட்டுமே, நல்லாதான இருக்குது."

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. உடுப்புக்கு விலைச்சீட்டு குத்துவதற்கு முன்னால் பட்டன்களை மாற்றுவார். அதற்காகவே ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய பட்டன் வைத்திருந்தார். கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் அதே நாலு தெருவில் நடமாடுகிறவர்கள். தன் வீட்டுச் சட்டை எதிரே நடந்து வருவதைப் பார்த்து யாரும் அடையாளம் சொல்லிவிடக் கூடாது. அப்படியே எங்களுக்குத் தெரிந்துபோனாலும் தெருவில் வாயைத் திறக்கக் கூடாது. கடையில் சேர அது ஒன்றுதான் நிபந்தனை. நானும் மண்டையை ஆட்டிவிட்டுத்தான் சேர்ந்தேன்.

ஒரு நவம்பரில், என் மகளுக்குச் சின்னதாகிப்போன ஸ்வெட்டரைக் கடைக்குக் கொண்டுபோனேன். நானே பின்னியது. கத்தரிப்பூ நிறம், நெஞ்சில் இரண்டு வெள்ளை முயல், தேங்காய் ஓட்டுப் பட்டன். ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து மூன்று மாதம் பின்னியிருந்தேன். பின்னல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. எண்பது ரூபாய் என்று சீட்டு எழுதினேன். பெரியக்கா அதை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினார்.

"உல்லன் நூலே நூறு ரூபாய்க்கு மேல ஆச்சு பெரியக்கா."

"அது நீ உன் பொண்ணுக்காகப் பண்ண செலவு. இத வாங்கப் போறவ உன் பொண்ணுக்கு நூல் வாங்கித் தரணுமா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விலையைத்தான் இப்படிக் கெடுத்தார், பட்டனாவது இருக்கட்டும் என்று அவர் பார்க்காதபோது ஸ்வெட்டரை அப்படியே கம்பியில் மாட்டிவிட்டேன். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அது விற்றுப்போயிருந்தது.

டிசம்பரில் ஒரு காலை, மூச்சு விட்டால் புகை வரும் குளிர். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெண்ணிடம் துணி போடப் போனேன். வண்டிக்குப் பக்கத்தில், ஸ்கூல் பையோடு அவள் மகள் நின்றுகொண்டிருந்தாள். எட்டு வயது இருக்கும். மேலே என் முயல்கள்.

என்ன சந்தோஷம் எனக்கு. அந்தப் பிள்ளையைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினேன்.

"இது நான் பின்னின ஸ்வெட்டராச்சே. பட்டனப் பாரு, நானே தேடித் தேடி வாங்கினது."

தேய்த்த துணியை வாங்க வந்திருந்த எதிர்வீட்டு டீச்சர் விடுவாரா. "சர்ச் கடைக்குப் பழசு குடுத்தீங்களே, அதுவா?" என்றார்.

சிறுமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சட்டையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவ்வளவு மண்டு நான்.

மறுநாள் அந்தப் பிள்ளை பருத்திச் சட்டையோடு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள், பிள்ளை ஸ்கூலுக்குப் போன பிறகு, அவள் அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன்.

"கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடையில புதுசா வாங்கினேன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன்கா" என்றாள், தலை நிமிராமல். "பொறந்ததுலேர்ந்து அவளுக்குன்னு புதுசா ஒரு ஸ்வெட்டர் எடுத்தது இல்ல. எல்லாம் யாராவது குடுத்ததுதான். இப்ப இதத் தொட மாட்டேங்கறா. குளிருதுடி, போட்டுக்கோன்னா, ஏம்மா பொய் சொன்னேன்னு கேக்கறா. மூணு நாளா எங்கிட்ட சரியாப் பேச்சு இல்ல."

என்மேல் அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அன்று ஆபீஸில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அந்தப் பிள்ளையின் குளிரை நினைத்து அழுகை வந்தது. சாயங்காலம் நேராகப் பெரியக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், பட்டன் மாற்றாததையும் சேர்த்து.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சலித்துக்கொள்ள மட்டும் செய்தார்.

"அவ பன்னண்டு ரூபா குடுத்தா இல்ல? அப்பவே அது அவளோடது. புதுசுன்னு சொல்லுவா, சீமையிலேர்ந்து வந்ததுன்னு சொல்லுவா, அவ இஷ்டம். அதுக்குதான வெலன்னு ஒண்ணு போடறோம். நீ வித்ததுக்கு அப்புறமும் சொந்தம் கொண்டாடினா எப்படி?"

"இப்ப நான் என்ன பண்றது?"

"நீதான சொன்ன. நீயே போய் இல்லன்னு சொல்லு."

என் பின்னலை என் வாயாலேயே இல்லை என்பதா. இரவெல்லாம் புரண்டேன். காலையில் இஸ்திரி வண்டிக்குப் போனபோது பிள்ளை ஸ்கூல் பையோடு நின்றது. நல்லவேளை, எதிர்வீட்டு டீச்சரும் அங்கே இருந்தார். அவர் காதிலும் விழ வேண்டும் என்று சத்தமாகவே பேசினேன்.

"அந்த ஸ்வெட்டரக் கொஞ்சம் காட்டுமா. எனக்கு ஒரு சந்தேகம்."

அவள் அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு வண்டிக்கு அடியிலிருந்த பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தினமும் கொண்டுவந்திருக்கிறாள், மகள் மனம் மாறினால் போட்டுவிடலாம் என்று. நான் அதை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தேன். உள்ளே ஒரு முடிச்சுகூடத் தெரியவில்லை. ரொம்ப நன்றாகப் பின்னியிருந்தேன்.

"அய்யோ, இது என்னோடது இல்லவே இல்ல" என்றேன். "நான் பின்னினா உள்ள இவ்ளோ சுத்தமா வராது. முடிச்செல்லாம் பிதுங்கிக்கிட்டு நிக்கும். இது பெரிய கடையில விக்கற புது சாமான். அன்னைக்கிக் கண்ணாடி போடாமப் பாத்துட்டு என்னமோ உளறிட்டேன்."

டீச்சர் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

சிறுமி பக்கத்தில் வந்தாள். "உங்களுதுலயும் முயல் இருந்திச்சா ஆன்ட்டி?"

"இருந்திச்சு. ஆனா பாக்க எலி மாதிரி இருக்கும்."

களுக்கென்று சிரித்துவிட்டாள். ஸ்வெட்டரை என் கையிலிருந்து வாங்கி, தானும் ஒருமுறை உள்பக்கப் பின்னலைத் தடவிப் பார்த்துவிட்டு, நேர்ப்பக்கம் திருப்பினாள். பிறகு கைகளை நுழைத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, பட்டன் போடு" என்று அம்மா முன்னால் போய் நின்றாள். அவள் அம்மா பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டுக் குனிந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஸ்கூலுக்குக் கிளம்பிய பிள்ளை, இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தது. எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

"இன்னும் கொஞ்சம் பழகினா உங்களுக்கும் இந்த மாதிரி வரும் ஆன்ட்டி."

"பழகறேன் கண்ணு" என்றேன்.