வாயால் டைப் அடிக்கிறவள்

கல்யாணப் பத்திரிகை, போஸ்டர், பட்டாசு லேபிள் எல்லாம் டைப் அடித்து அச்சடித்துக் கொடுக்கிற கடையில் சண்டை இல்லாத நாள் என்றால், அது கரண்ட் இல்லாத நாள்தான்.

திருத்தங்கலில் அப்படி ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தீப்பெட்டி ஒட்டினேன், பைண்டிங் பார்த்தேன், பிறகு டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். போன வருஷம் இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு கெட்டுப்போனது. விரல் மரத்துப்போகிறது. டம்ளரைப் பிடித்தால் நழுவுகிறது. கீபோர்டைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் கை இல்லாமல் பார்க்கிற வேலை எது இருக்கிறது? பட்டாசுத் திரி சுற்றக் கை வேண்டும், பெட்டி ஒட்டக் கை வேண்டும், தாள் அடுக்கக் கை வேண்டும். இந்த நாற்காலி போனால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

முதலாளியை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷர். பேசினால் டைப் ஆகிற, சொன்னால் திறந்து மூடுகிற ஏற்பாட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, தலையில் மாட்ட ஒரு மைக்கும் வாங்கிக் கொடுத்தார். கூடவே, "தீபாவளி லேபிள் வேலை முடியுற வரைக்கும் பாருங்கம்மா. சரிப்பட்டு வரலைன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் பிழைப்பு என் தொண்டையில் இருக்கிறது. உங்களிலும் யாராவது வாயால் கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தால், முதலில் கொஞ்சம் வெந்நீர் குடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

யாரைக் கூப்பிட்டேன்?

மவுஸுக்குப் பதிலாக இதில் நம்பர். திரையில் எங்கெல்லாம் அழுத்தலாமோ அங்கெல்லாம் ஒரு நம்பர் முளைக்கும். அதை இங்கிலீஷில் உரக்கச் சொன்னால் அந்த இடம் அழுந்தும். காரியாபட்டியிலிருந்து பேரன் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்க ஒரு பெரியவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் "ட்வெல்வ்" என்றேன். எழுந்து வந்தார். "உங்களை இல்லைங்கய்யா, உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். "செவன்" என்றேன். மறுபடி எழுந்து வந்தார். மறுபடி உட்காரச் சொன்னேன். "நைன்டீன்" என்று சொன்னதும் அவருக்கு வந்ததே கோபம்.

"ஏம்மா, பேங்குலகூட நம்பரைக் கூப்பிட்டா வந்த ஆளுக்கு ஏதாவது செய்வாக. நீ கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வைக்கிற. என் நம்பரு எதுன்னு சொல்லிரு, அதுவரைக்கும் நான் போயி டீயக் குடிச்சிட்டு வாரேன்."

மெஷினா, நானா?

எனக்கும் அச்சு மெஷினுக்கும் நடுவில் அரைச் சுவர்தான். மெஷின் ஓடினால் மைக்குக்கு நான் பேசுவது கேட்காது. அதனால் நான் கையைத் தூக்கினால் மெஷின்காரர் மாரிமுத்து நிறுத்த வேண்டும் என்று பாய் ஏற்பாடு செய்திருந்தார். நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் மை ஒரே சீராக விழாது. ஒரு தாள் கருப்பாக வரும், அடுத்தது வெளுத்து வரும், அதற்கும் அவர்தான் பேச்சு வாங்க வேண்டும். எனக்கும் சங்கடம்தான். கையைத் தூக்கும்போதே வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். ஒரு நாள் தாளைக் கீழே வீசிவிட்டு வந்து நின்றார்.

"அக்கா, வீட்டுல எம்பொண்டாட்டி பேசுறப்பகூட நான் டிவியை நிறுத்துனது கிடையாது. உங்களுக்குப் பொழுதன்னைக்கும் மெஷினை நிறுத்துறேன். இது அவளுக்குத் தெரிஞ்சா எனக்குச் சோறு கிடைக்காது."

அந்தப் பெயர்

எங்கள் வீட்டில் புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்வதில்லை. எங்கே கேட்டாலும் ரேஷன் கார்டை நீட்டிவிடுவேன். கையால் டைப் அடித்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதே பெயரில் எத்தனையோ மாப்பிள்ளைகளுக்குப் பத்திரிகை அடித்திருக்கிறேன். விரல் அதன்பாட்டுக்கு அடிக்கும், வாய் சும்மா இருக்கும்.

விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிற ஒருவர், மகள் கல்யாணப் பத்திரிகைக்காகத் தன் தாயாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் பெயரும் அதே பெயர். (என்ன பெயர் என்று உங்களுக்கும் சொல்ல முடியாது. இதையும் மைக்கில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) பெண்ணின் தகப்பனார் பெயர் வருகிற இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. இரண்டு தரம் இருமினேன். தண்ணீர் குடித்தேன். பிறகு மைக்கைக் கழற்றி அவரிடமே கொடுத்து, "உங்க பேரை நீங்களே சொல்லிருங்க" என்றேன். அவர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். அவர் தாயாருக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லித் தொலையேம்லே. அவ வீட்டுக்காரர் பேரும் உம்பேரு போல. உங்கப்பன் போயி இம்புட்டு வருசமாச்சு, நானே இன்னும் சொல்லல. வீட்டுல இருக்கிற மனுசன் பேரை அவ எப்படிச் சொல்லுவா?"

இன்னும் ஆகவில்லை

ஆஸ்பத்திரியில் ஒருவர் மோசமாக இருந்தால், சொந்தத்தில் யாராவது முன்கூட்டியே வந்து அஞ்சலி போஸ்டர் டைப் அடித்து வைக்கச் சொல்வது உண்டு. தேதியை மட்டும் காலியாக விட்டு வைப்போம். குற்றம் சொல்ல முடியாது. கல்யாண சீசனில் கடைசி நேரத்தில் வந்தால் மெஷின் கிடைக்காது. அப்படி ஒரு மருமகன் வந்தார். விவரம் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு, கூட வந்த உறவினர்களை வாசலில் நிறுத்திவிட்டு என் பக்கத்தில் நின்றார். நான் என் வழக்கப்படி உரக்க, நிறுத்தி நிறுத்தி, பெரியவரின் பெயர், ஊர், வயது எல்லாம் சொல்லி, "இயற்கை எய்தினார்" என்று முடித்தேன். வாசலில் ஒரு பெண் ஐயோ என்று கத்தினார். மருமகன் சட்டென்று மைக்கைப் பொத்தினார்.

"ஏக்கா, எங்க மாமா கண்ணு முழிச்சிட்டாருன்னு இப்பத்தான் அங்கன இருந்து போன் வந்துச்சு. நீங்க இங்கன இருந்தே அவரை அனுப்பி வச்சிராதீக! சத்தமில்லாம அடிச்சு வைங்க."

புஸ்வாணம்

தீபாவளி லேபிளில் கடைசி ஆர்டர். பட்டாசுக் கம்பெனி சூப்பர்வைசர் தாளோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். சாயங்காலம் அச்சாக வேண்டும், லோடு ஏறக் காத்திருக்கிறது. பாயும் வந்து நின்றுகொண்டார். என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பார்க்கத்தான் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். தொண்டை வேறு கட்டியிருந்தது. கையைத் தூக்கினேன், மெஷின் நின்றது. கடையில் ஒரு சத்தம் இல்லை.

புஸ்வாணப் பெட்டிக்கான லேபிள். பெயர் சொன்னேன், எண்ணிக்கை சொன்னேன். பிறகு தாளில் இருந்தபடியே, "கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பற்ற வைக்கவும்" என்றேன். என் கவனமெல்லாம் குரல் உடையக் கூடாதே என்பதில்தான். அரைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாரிமுத்து, "ஏக்கா, புஸ்வாணத்தை எவன் கையில பிடிப்பான்?" என்று சிரித்தார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. தாளைப் பிடுங்கிப் பார்த்தார். கம்பெனியில் யாரோ கம்பி மத்தாப்பு லேபிளில் இருந்த வரியை அப்படியே இதில் எழுதிவிட்டார்கள். அவருக்கு முகம் வெளுத்துப்போனது. அவசரமாக யாருக்கோ போன் போட்டார். அந்தப் பெட்டி ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பிள்ளை கைக்குப் போயிருந்தால் என்று எல்லோருமே நினைத்திருப்போம்.

தரையில் வைத்து, தள்ளி நின்று பற்ற வைக்கவும் என்று மாற்றிச் சொல்லி முடித்தேன். கையால் அடித்திருந்தால் நானும் சும்மா அடித்துவிட்டுத்தான் போயிருப்பேன். என் காதுக்கும் எட்டியிருக்காது, மாரிமுத்து காதுக்கும் எட்டியிருக்காது. சூப்பர்வைசர் போகும்போது, இனி எங்கள் லேபிளை இந்த அக்காதான் அடிக்க வேண்டும் என்று பாயிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"உங்க சீட்டு உங்களுக்குத்தாம்மா. நாளையிலிருந்து அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எல்லா புரூபையும் நீங்களே வாய்விட்டு வாசிச்சிருங்க, நாலு பேர் காதுல விழட்டும்."

கை ஓய்ந்தால் வாய் ஓவர்டைம் பார்க்கும், ஆனால் சம்பளம் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான் என்பதே இந்தத் தொழிலில் நான் கண்டது.