மாலையை நகர்த்தியவர்

மாகறலில் எங்கள் தெரு இளைஞன் ஒருவன் பைக் விபத்தில் இறந்த அன்று, உத்திரமேரூரிலிருந்து ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தவர் அவர். ஒல்லியான ஆள், முழங்கைவரை மடித்த காக்கிச் சட்டை. பிளக்கைச் செருகிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. யாராவது புது மாலை போட்டால் உடனே எழுந்துபோய், அதைப் பெட்டிக் கண்ணாடியின் வலப்பக்கம் நகர்த்திவிட்டு வந்து உட்காருவார்.

மறுநாள் கொடுக்கவேண்டிய ஆய்வேட்டை நான் அந்தச் சாவு வீட்டுப் பந்தலிலேயே, வெட்கத்தை விட்டு, திருத்திக்கொண்டிருந்தேன்.

“இன்னாம்மா எழுதிக்கினு கீற?” என்று கேட்டார் அவர்.

பழைய கிரேக்கக் காவியம் என்றேன். பகைவனைக் கொன்று தேரில் கட்டி இழுத்த வீரன், உடலைக் கேட்டு வந்த கிழத் தகப்பனிடம் கொடுக்குமுன் அதை மறைவாகக் குளிப்பாட்டச் சொல்கிறான். தகப்பன் பார்த்துக் கொதித்தால் தனக்கும் கோபம் வந்து அவரையும் கொன்றுவிடுவோம் என்ற பயம்தான் காரணம் என்கிறது காவியம்; அறிஞர்களும் அதையே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதியிருந்தேன்.

“கோவம் இல்லம்மா, வெக்கம்,” என்றார். “இந்தப் புள்ளைக்கு வலது கன்னத்துல தையல் கீது. அவங்கப்பா பெங்களூர்லேர்ந்து வந்துக்கினு கீறாரு. நான் ஒரு தப்பும் பண்ல. எனக்கே அத அவருக்குக் காட்ட மனசு வரல. பண்ணவனுக்கு எப்டி இருந்திருக்கும்?”

வாசலில் கார் நின்றது. அவர் பேச்சை விட்டுவிட்டு மாலையை நகர்த்த ஓடினார்.

அன்றே அந்தப் பத்தியில் ‘கோபமல்ல, வெட்கம்’ என்று மாற்றிவிட்டேன். ‘ஆதாரம் எங்கே?’ என்று என் வழிகாட்டி ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருக்கிறார். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வரியை எடுக்கமாட்டேன்.