நான் நிமிர்த்திய தேவாலயம்

1. மூன்று மாதத் தவணை

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலையில், எண்ணூறு வருடமாகக் கோணலாக நின்ற ஒரு தேவாலயத்தை நேராக்கினேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. கோலியர்ஸ் வுட்டில் எங்கள் குசினி மேசையில் வைத்து, ஒரு பென்சிலாலும் ஒரு ரீ-ஸ்குயர் அளவுகோலாலும் ஒரே பின்னேரத்தில் செய்து முடித்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஊரில் நான் வாய்க்கால் படம் கீறின ட்ராஃப்ட்ஸ்மன். இங்கே வந்து இரண்டு வருடம் பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட். பிறகு பழைய கட்டடங்களைப் பார்க்கிற ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஒபிசில் தவணைக்கு எடுத்தார்கள். முதலாளி பெயர் ஹார்ட்லி.

"மூண்டு மாசம் பாப்பம். ஒரு படம் பிழைச்சாலும் நீ வீட்டை போகலாம்" என்றார். அவர் இங்கிலீசில்தான் சொன்னார். பயத்தில் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில் கேட்டது. மனைவி என் பெற்றோல் ஸ்டேசன் உடுப்பைத் தோய்த்து, மடித்து, எதற்கும் இருக்கட்டும் என்று அலுமாரி மேல்தட்டில் வைத்திருந்தாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதல் படம் அந்தத் தேவாலயத்தின் தரைப் பிளான். ஒருகாலத்தில் வயல் நடுவே இருந்த கிராமக் கோவில் அது. லண்டன் வளர்ந்து வந்து கிராமத்தை விழுங்கிவிட்டது. கோவிலை மட்டும் முள்ளைப் போல ஒதுக்கிவிட்டது. ஒரு பக்கம் பஸ் டிப்போ, மறுபக்கம் மீன் பொரிக்கிற கடை. சிக்கிமுக்கிக் கல் பதித்த மூன்றடித் தடிப்பான சுவர். கவிழ்த்த வள்ளம் மாதிரி மரக்கூரை. சனம் இருக்கிற நீளக் கூடத்துக்குப் பெயர் நேவ். பீடம் இருக்கிற உட்பகுதிக்குப் பெயர் சான்சல். எங்கள் கணக்கில் மகாமண்டபமும் மூலஸ்தானமும்.

மிசிஸ் பிராட் என்ற கிழவி, காலமான புருஷனின் ஞாபகமாக, மேற்கு வாசலில் இருந்து பீடம் வரைக்கும் ஒரு சிவப்புக் கார்ப்பெட் நன்கொடை கொடுக்கப் போகிறாள். அதற்குத்தான் பிளான்.

2. மறுநுனி

டேப்பின் மறுநுனியைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். மனைவியின் தம்பி சிவநேசனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினான். பார்த்துவிட்டு நானும் கழற்றினேன். நவம்பர் மாதம், கல்தரை. குருவானவர் வந்து எங்கள் காலுறைகளைப் பார்த்து மனம் உருகிப்போனார். எங்களுக்குக் கால் உறைந்துபோனது.

மேற்கு வாசலின் நடுவில் நூலைக் கட்டி நேராக இழுத்தால் பீடத்தின் நடுவுக்கு வர வேணும். நான் வாசலில் நின்றேன். அவன் நூலோடு உள்ளே போனான்.

"அத்தான், நூல் பீடத்துக்கு வரேல்லை. ஆமிக்காரன்ரை கால்மாட்டுக்கு வருது."

சான்சலின் வடக்குச் சுவரோரம், பீடத்துக்குப் பக்கத்தில், கவசம் போட்ட ஒரு பழைய படைவீரனின் கல்லறை. கல்லில் செதுக்கி மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். காலடியில் ஒரு கல்நாய்.

"நீ நூலை இழுத்துப் பிடியடா."

"இழுத்துத்தான் பிடிச்சிருக்கிறன். ஆமிக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்தால், இஞ்சையும் ஒருத்தனுக்கு முன்னால நிக்க விடுறியள்."

மூன்றுமுறை அளந்தோம். மூன்றுமுறையும் நாலரையடி விலகல். நான் படித்த ஆள். கட்டடம் என்றால் நேராகத்தான் இருக்கும். ஆகவே பிழை மறுநுனியில். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நித்திரைத் தூக்கத்தில் வந்தவன் எங்கே ஒழுங்காகப் பிடிக்கப் போகிறான்? வீட்டுக்கு வந்து, சிவநேசனின் நாலரையடிப் பிழையைத் திருத்தி, நேவையும் சான்சலையும் ஒரே கோட்டில் கீறினேன். வாய்க்கால் மாதிரி அழகாய் இருந்தது. "உன்ரை பிழையளை நான்தான் திருத்த வேண்டிக் கிடந்தது" என்று அவனுக்குச் சொல்லவும் செய்தேன். அவன் அதோடு என்னோடு கதைக்கிறதை விட்டுவிட்டான்.

3. கண் டாக்டர்

அந்தக் கோவிலை அதுவரை கண்டிராத ஹார்ட்லி முத்திரை குத்த, படத்தைக் கோவில் கமிட்டிக்கு அனுப்பினோம். தங்கள் கோவில் வளைவென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் முத்திரை குத்தின படம் நேரென்று சொல்கிறது. இங்கிலீஷ்காரருடைய மரியாதையை அன்றுதான் கண்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மிசிஸ் பிராட் மட்டும், "அறுபது வருசமா இது கோணல் எண்டெல்லோ நினைச்சிருந்தன்" என்றுவிட்டு, அடுத்த நாளே கண் டாக்டரிடம் போனாளாம். கண்ணில் குறையில்லை என்று டாக்டர் சொன்னதும், அவரும் கிழவன்தானே என்று விட்டுவிட்டாள்.

கார்ப்பெட் என் படத்தில் உள்ளபடி நேராக, ஒரே துண்டாக, ஒட்டு இல்லாமல் நெய்யப்பட்டு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிஷப் வந்து ஆசீர்வதிக்க ஏற்பாடு. ஆட்கள் வாசலில் இருந்து உருட்டினார்கள். அது நேவைத் தாண்டி, படியேறி, பீடத்தைத் திரும்பியும் பாராமல், நேரே படைவீரனின் காலடிக்குப் போய் நின்றது.

பீடத்துக்கு இழுத்துப் பார்த்தோம். மற்ற நுனி வாசலை விட்டு, சனம் இருக்கிற மரவாங்குகளில் ஏறியது. வெட்டி ஒட்டலாம் என்றேன். மிசிஸ் பிராட் நெஞ்சில் கை வைத்தாள்: "என்ரை மனுசனை ரெண்டாய் வெட்டுறதோ?"

குருவானவர் என்னை மெல்ல ஒருபக்கம் அழைத்தார். "தம்பி, இந்த வளைவு சிலுவையில சாய்ஞ்ச ஆண்டவரின்ரை தலையைக் குறிக்குது எண்டு இஞ்சை சொல்லுவினம்."

ஹார்ட்லியின் முகம் கார்ப்பெட்டின் நிறத்துக்கு வந்திருந்தது. "அது பிறகு கட்டின கதை. பழைய சான்சலை இடிக்காமல், அதைச் சுத்திப் புதுசைக் கட்டியிருக்கிறாங்கள். உள்ளுக்கு ஒரு கோவில் நிண்டால் நூல் பிடிக்க ஏலாது. அதால கோணிப்போச்சு. அவங்கள் விட்டது பிழை. நீ செய்தது பொய். போற போக்கில ஆண்டவரின்ரை கழுத்தையும் நிமித்திப் போட்டாய்." பிறகு ரகசியமாகச் சொன்னார்: "திங்கள் காலமை என்ரை அறைக்கு வா."

நான் வீட்டுக்குப் போய் அலுமாரி மேல்தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

4. பிஷப்பின் வணக்கம்

வேறு வழியில்லாமல் கார்ப்பெட்டைக் கிடந்தபடியே விட்டிருந்தார்கள். ஞாயிறு கடைசி வாங்கில் குந்தினேன். பக்கத்தில் சிவநேசன். என்னோடு கதையில்லை, ஆனால் என்ன கூத்து நடக்குதென்று விடுப்புப் பார்க்க வந்திருந்தான். பிஷப்புக்கு எழுபதை எட்டுகிற வயது இருக்கும். தலையைக் குனிந்து கார்ப்பெட்டைப் பார்த்தபடியே நடந்தார். கார்ப்பெட் போன இடமெல்லாம் போனார். படைவீரனின் காலடியில் அது முடிந்தது, அவரும் நின்றார். நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு வெகு மரியாதையாகப் படைவீரனுக்குத் தலைவணங்கிவிட்டு, பக்கவாட்டாகப் பீடத்துக்கு நடந்தார். பின்னால் வந்த பாடகர் குழு முழுக்க ஒவ்வொருவராக வணங்கியது. மிசிஸ் பிராட், தன் புருஷனின் கார்ப்பெட் முடிகிற இடத்தில் பிஷப்பே நின்று அஞ்சலி செய்தார் என்று தேம்பித் தேம்பி அழுதாள்.

தேநீர் நேரம் பிஷப் கேட்டார்: "அருமையான வழக்கம். எந்தக் காலத்தில தொடங்கினது?"

குருவானவர் ஹார்ட்லியைப் பார்த்தார். ஹார்ட்லி என்னைப் பார்த்தார்.

"கனகாலம் இல்லை, சேர்" என்றேன்.

ஹார்ட்லிக்குக் கேக் புரையேறியது. பிஷப் அதை என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அன்றே கமிட்டி கூடி, வழக்கம் தொடர வேண்டும், கார்ப்பெட்டை ஒருவரும் அசைக்கக் கூடாது என்று தீர்மானித்தது.

5. திங்கள் காலை

"இரு" என்றார் ஹார்ட்லி. "உன்னை நிப்பாட்டினா ஏன் எண்டு எழுத வேணும். எழுதினா படம் பிழை எண்டு வரும். படம் பிழையெண்டா கார்ப்பெட் பிழை. கார்ப்பெட் பிழையெண்டா பிஷப் கல்நாய்க்கும் அதின்ரை சொந்தக்காரனுக்கும் கும்பிட்டிருக்கிறார். அந்தக் கடிதத்தை நான் எழுதேலாது."

"அப்ப, சேர்?"

"உனக்கு வேலை நிரந்தரம். வேற வழி தெரியேல்லை. ஆனா இண்டைக்கே போய்த் திரும்ப அள. டேப் சொல்லுறதை எழுது. நீ யோசிக்காதை. யோசிக்கிறதுக்கு வேற ஆள் பாக்கிறன்."

நேரே சிவநேசனிடம் போய், "பிழை என்ரைதான்ரா" என்றேன். அவன் மூன்று தரம் சொல்ல வைத்துவிட்டுத்தான் சப்பாத்தை மாட்டினான்.

அதற்குப் பிறகு இருபது வருடம் பழைய தேவாலயங்களை அளந்தேன். நேரான ஒன்றைக்கூடக் காணவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்கள் படிப்பும் டேப்பும் சண்டை பிடித்தால் டேப்பின் பக்கம் நில்லுங்கள். மறுநுனியைப் பிடிக்கிறவனை நம்புங்கள், அவன் உங்கள் மனைவியின் தம்பியாகவே இருந்தாலும்.