ஆறாவது ஆள்

வெள்ளிக்கிழமை, காலை 5.30, வவுனியா

பயணம் என்றால் நான் பையில் முதலில் வைப்பது உடுப்பு அல்ல, தட்டு. விளிம்பு உயர்ந்த சில்வர் தட்டு ஒன்று, தம்ளர் ஒன்று, இரண்டையும் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. கடைக்காரர் தட்டைக் கழுவியதாகச் சொன்னால் நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். என் தட்டில் என் கை மட்டும்தான் படும். தங்கை இதற்குத் 'தட்டு வியாதி' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

சண்டை முடிந்து ஏழு வருடமாகியும் நான் கற்பிட்டியைப் பார்த்ததில்லை. வரைபடத்தில் அந்த ஒடுங்கிய நிலத்தைச் சுட்டிக்காட்டி 'குடாநாடு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீர் உள்ளே வந்து தேங்கிய களப்பு' என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்! டிசம்பர் விடுமுறை வந்ததும் வெட்கம் வந்துவிட்டது. டொல்பினும் பார்க்கலாம் என்று புறப்பட்டேன்.

தங்குவதற்கு, கூடப் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் ஸீனத் என்பவரின் தொலைபேசி இலக்கத்தைத் தந்திருந்தார். வீட்டில் ஓர் அறை வாடகைக்கு, இரவுக்கு 2,000 ரூபா. நான் அழைத்தபோது, எப்போது வருவேன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை, வேறொன்றைக் கேட்டார்.

"டீச்சர், நீங்க என்னென்ன திங்க மாட்டீங்க?"

எதைச் சாப்பிடுவீர்கள் என்று கேட்பவர்களைத்தான் எனக்குத் தெரியும். இப்படிக் கேட்டால் விடுவேனா? மாட்டிறைச்சி, நண்டு, நேற்றைய கறி என்று அடுக்கி, கடைசியில் மற்றவர் கைபட்ட தட்டில் சாப்பிடமாட்டேன், தட்டு கொண்டு வருவேன் என்றும் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, வாங்க டீச்சர்" என்றார்.

காலை 10.15, புத்தளம்

வவுனியாவிலிருந்து அனுராதபுரம் 55 கிலோமீட்டர், 75 ரூபா. அங்கே பஸ் மாறி, புத்தளம் வரை இன்னும் 75 கிலோமீட்டர், 105 ரூபா. புத்தளத்தில் மூன்றாவது பஸ். பாலாவிச் சந்தியில் வலது பக்கம் திரும்பியதும் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. அதற்கப்பால் நாற்பது கிலோமீட்டரும் நேர் தெரு. வெங்காயத் தோட்டங்களில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து களை பிடுங்கினார்கள். காற்றாலைகள் ஆறுதலாகச் சுற்றின. நான் வகுப்பில் சொன்ன கடல் இடப்பக்கம் எட்டிப் பார்த்தது. சொன்னதெல்லாம் சரிதான் என்று மனசுக்குள் ஒரு திருப்தி.

நடத்துநர் டிக்கெட் கிழித்தபடி, "கற்பிட்டியில எங்க இறங்குறீங்க?" என்று கேட்டார்.

"ஸீனத் எண்டவவின்ர வீட்டை."

"சஹன் வீட்டுக்கா? தனியவா போறீங்க?" என்று சிரித்தார். "தனிய ஆளுக்கு அங்க சோறு இல்லையே!"

முன்னிருக்கையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பைக்குள் இருந்த தட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

காலை 11.40, கற்பிட்டி

பஸ் நிற்கும் இடத்துக்கு ஸீனத்தின் கணவர் ரஹீம் முச்சக்கரவண்டியோடு வந்திருந்தார். வீடு கோட்டைக்கு இப்பால், களப்பு ஓரத்து ஒழுங்கையில். வாசலில் பச்சை எழுத்தில் ஒரு பலகை: 'சஹன் சாப்பாடு. ஒரு சஹனுக்கு ஆறு பேர். தனித் தட்டு இல்லை.'

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, மேலே கறிகளை வைத்து, சுற்றிவர ஆறு பேர் பாயில் இருந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவார்கள். முஸ்லிம் கலியாண வீடுகளில் வழக்கம் அதுதான். அதைக் காசு கொடுத்து வந்து சாப்பிடும் இடமாக ஆக்கியது ஸீனத்தின் மூளை.

எனக்கு மட்டும் விதிவிலக்கு. என் தட்டிலேயே சோறும் இறால் கறியும் போட்டு அறைக்குக் கொண்டு வந்து தந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், குறும்பான கண்.

"சுகமில்லாத ஆளுக்குத்தான் நாங்க அறைக்குச் சோறு கொண்டு போறது, டீச்சர்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சாப்பிட்டேன். இறால் கறி அருமை. தட்டைக் கழுவி அடுக்களை அலுமாரிமேல் கவிழ்த்து வைத்தேன்.

மாலையில் பிளேன்டீ குடிக்கும்போது ரஹீம் விஷயத்தைச் சொன்னார். கொழும்பிலிருந்து சனிக்கிழமை தோறும் அலுவலகக்காரர்களை டொல்பின் பார்க்கக் கூட்டிவரும் சமிந்த என்ற இளைஞர், பகல் சாப்பாட்டுக்கு ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தாராம். மேசை, கதிரை, தனித் தட்டு வைத்தால், டொல்பின் காலம் முடியும் ஏப்ரல் வரை தன் வான் வண்டி இங்கேதான் வரும் என்றாராம். ஸீனத் முடியாது என்றுவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கியிருக்கிறார்கள். அது நாளைக்கு.

"தனித் தட்டுல குடுத்தா என்ன?" என்று ஸீனத்திடம் கேட்டேன்.

"தட்டுத் தட்டாத் திங்கிறதுக்கு ரோட்டு நெடுகக் கடை இரிக்கி, டீச்சர். எங்கட வீட்டுக்கு எதுக்கு வரணும்? தொண்ணூறுல முஸ்லிம் ஆக்களை வெளியேத்தினதுல மன்னார்லேர்ந்து வந்து கேம்ப்ல இருந்தப்போ நான் சின்னப் புள்ள. அஞ்சு பேர் இருந்தா உம்மா பக்கத்துக் கொட்டில்ல ஒரு ஆளைக் கூப்புட்டுத்தான் சோத்தை வைப்பா. கறி ஒண்டும் இரிக்காது. ஆனா சிரிப்பு இரிக்கும். அதைத்தான் நான் விக்கிறன்."

"நாளைக்கு அவைக்குப் பிடிக்காட்டி?"

"திரும்பவும் கருவாட்டு வாடிக்குத்தான்" என்றார். எட்டு வருடம் அங்கே கருவாடு பொதி செய்த கைகளை முகர்ந்து பார்ப்பதுபோலப் பாவனை காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பயமும் இருந்தது.

சனிக்கிழமை, காலை 6.45, கடலில்

டொல்பினைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, பார்த்தவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நூறுக்குக் குறையாது. படகின் இரு பக்கமும் பாய்ந்து பாய்ந்து வந்தன. நான் பள்ளிப் பிள்ளையைப் போலக் கத்தினேன், தொண்டை கட்டிவிட்டது. அவ்வளவுதான்.

பகல் 12.20, சஹன் வீடு

வான் வந்து நின்றது. பன்னிரண்டு பேர் என்று சொல்லியிருந்தார்கள். ஆண்களுக்கு ஒரு சஹன் முன் ஹோலில், பெண்களுக்கு ஒன்று உள் அறையில். இறங்கியவர்கள் பதினொரு பேர். ஒரு பெண் கடலில் வாந்தியெடுத்து ஹோட்டலிலேயே படுத்துவிட்டாராம்.

"அஞ்சு பேர்தானே, பரவாயில்ல அக்கா. சாப்பாட்டைக் குடுங்க" என்றார் சமிந்த, கடிகாரத்தைப் பார்த்தபடி.

ஸீனத் வாசலுக்கு ஓடினார். அன்று ஊர்க் கோடியில் ஒரு கலியாணம். அவருடைய மாமியாரும் மகள்மாரும்கூட அங்கேதான், ஒழுங்கையில் ஒரு பெண்கூட இல்லை. ஸீனத்தே இருந்துவிடலாமே என்றால், தண்ணீர் வார்ப்பது யார், சோறு போடுவது யார்? மெல்லத் திரும்பி, அறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். சும்மா பார்த்தபடி நின்றதால்தான் போய் உட்கார்ந்தேன்.

பாயில் என்னோடு ஐந்து பெண்கள். ஒருவர் அலுவலக மேலாளர், எல்லோருக்கும் 'மேடம்'. மூன்று பேர் இளம் எழுதுவினைஞர்கள். ஐந்தாவது கமலா, அந்த அலுவலகத்தில் தேத்தண்ணி போடும் பெண். நாற்பது வயதிருக்கும். மேடத்துக்கு நேரெதிரே இடம் கிடைத்ததில் கூசிப்போய், காலை மடக்கி, தோளை ஒடுக்கி இருந்தார். யாரும் பேசவில்லை. பரீட்சை மண்டபம் தோற்றுவிடும்.

ஸீனத் ஒவ்வொருவர் கைக்கும் தண்ணீர் வார்த்தார். பிறகு சஹன் வந்தது. நெய்ச்சோறு, முழுக் கோழி, இறால், கத்தரிக்காய் மோஜு, அச்சாறு. மாட்டிறைச்சி இல்லை, நண்டு இல்லை. ஆறு பேரில் யாராவது ஒருவர் தின்னாத எதுவும் அந்தத் தட்டில் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்தத் தொலைபேசிக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்டிருக்க வேண்டும்.

"அவங்கவங்க முன்னுக்கு இரிக்கிறதை அவங்கவங்க திங்கணும். கடைசி ஆள் முடிக்கும் வரைக்கும் ஒருத்தரும் எழும்பக்கூடாது" என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார். பிறகு மேடத்திடம், "மூத்தவங்கதான் கோழியைப் பிய்ச்சுப் பங்கு வைக்கணும்" என்றார்.

மேடம் திடுக்கிட்டார். கையில் தங்கக் காப்பு, நகத்தில் பூச்சு. ஒரு கணம் எழுந்துவிடுவாரோ என்று நினைத்தேன். கதவோரம் நின்ற சமிந்தவின் முகம் கறுத்தது. ஸீனத் தண்ணீர்ச் செம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மேடம் காப்பைக் கழற்றி மடியில் வைத்தார். கோழியைப் பிய்த்தார். முதல் துண்டு, பெரிய தொடை, நேரே கமலாவின் பக்கம் போனது. ஏதோ சிங்களத்தில் சொன்னார். எனக்குப் பாதிச் சிங்களம் புரியும்: 'ஒன்பது வருடமாக நீ எனக்குத் தேத்தண்ணி தருகிறாய். நீ சாப்பிடுவதை இன்றைக்குத்தான் பார்க்கப் போகிறேன்.'

கமலா தலை நிமிர்ந்தார். "மேடத்துக்கு ரெண்டு கரண்டி சீனி" என்று எங்களிடம் தமிழில் சொன்னார். "டாக்டர் ஒரு கரண்டி கூட வேணாம்னிருக்காரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!"

ஸீனத் அதைச் சிங்களத்தில் சொன்னதுதான் தாமதம், மேடம் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். மற்றவர்களும் கூடவே. அதற்குப் பிறகு அது பரீட்சை மண்டபம் இல்லை, சந்தை. யார் யாரோடு ஓடிக் கலியாணம் முடித்தார், யார் மாமியார் என்ன சொன்னார் என்று கதை கிளம்பிவிட்டது. என்னையும் விடவில்லை. நான் ஏன் கலியாணம் முடிக்கவில்லை என்று மேடமே கேட்டார். சொன்னேன். இங்கே எழுதமாட்டேன்.

நடுவில் கமலா தன் முன்னிருந்த இறால் ஒன்றை எடுத்து என் பக்கம் வைத்தார். "டீச்சர் பக்கம் இறாலே வரலியே" என்றார். அவர் சாப்பிட்ட அதே கை. வாய் வரை வந்த சோறு நின்றது. முப்பது வருடப் பழக்கம் சும்மா போகுமா? கமலா பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்தேன், தின்றேன். இறால் இறால்தான், ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கண் கலங்கியது. உறைப்பு என்று சொல்லிக்கொண்டேன். சந்தோஷம்தான் அது.

ஒன்றரைக்கு வான் புறப்பட வேண்டும். ஆண்கள் கை கழுவி வெற்றிலையும் போட்டாயிற்று. பெண்கள் எழும்புவதாக இல்லை. இரண்டு தரம் வாசலில் தலை காட்டிய சமிந்தவிடம் மேடம், "கடைசி ஆள் இன்னும் முடிக்கவில்லை" என்று கடைசியாக வந்த இனிப்பை, வட்டிலப்பத்தை, காட்டினார். இரண்டேகாலுக்குத்தான் போனார்கள்.

ஏறும்போது சமிந்த, "பாப்பம் அக்கா, ஒஃபிசில கேட்டுச் சொல்றன்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாமதத்துக்குக் கோபமோ என்று ஸீனத் மாலை முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கென்ன தெரியும்? இரவு எட்டு மணிக்கு அவரோடும் அவருடைய இரண்டு மகள்மாரோடும் மாமியாரோடும் அதே சஹனில் சாப்பிட்டேன். நாங்கள் ஐந்து பேர்தான். பக்கத்து வீட்டுப் பெண் கலியாணத்திலிருந்து வயிறு நிறைய வந்தவர். அவரையும் இழுத்து இருத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7.00

ரஹீம் பஸ் வரைக்கும் கொண்டு வந்து விட்டார். மீண்டும் காற்றாலை, வெங்காயம், உப்பளம். 175 கிலோமீட்டரும் எனக்கு ஒரே யோசனை: சமிந்த என்ன சொல்வார்? வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் தட்டில்லை. அலுமாரிமேல் கவிழ்த்தது கவிழ்த்தபடி கற்பிட்டியிலேயே. அன்றிரவு வேறொரு தட்டில் போட்டுச் சாப்பிட்டேன். வீடு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. வானொலியைப் போட்டேன், பிறகு நிறுத்தினேன்.

புதன்கிழமை மாலை ஸீனத்தின் அழைப்பு.

"டீச்சர், உங்கட தட்டு இங்க கிடக்குது!"

"தட்டை விடும். சமிந்த என்ன சொன்னவர்?"

"ஏப்ரல் வரைக்கும் எல்லாச் சனியும் வான் இங்கதான்! அல்ஹம்துலில்லாஹ்! அந்த மேடம் ஒஃபிஸ் முழுக்கச் சொல்லி வச்சிரிக்கிறாங்களாம்." சிரிப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. "மிச்சம் சந்தோசம் டீச்சர். வாற சனி பொம்பளையள் மட்டும் பதினொரு பேர். ஒரு ஆள் குறையுது. வாறீங்களா?"

"ஓம்" என்றேன், யோசிக்காமல்.

"நல்லம். அப்ப சொல்லுங்க, என்னென்ன திங்க மாட்டீங்க?"

"தனிய இருந்து தின்ன மாட்டன்" என்றேன். "மற்றது எல்லாம் வையும்."