சைவக் கிணற்றில் பன்னிரண்டு மீன்கள்

அன்று யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில், சுருவில் என்ற ஊரில், அந்தக் கிணற்றடியில் நின்றவர்கள் ஐந்து பேர். கிணற்றுக்குச் சொந்தக்காரர் சதாசிவம் முதலாளி. அவருடைய மனைவி மகேசுவரி அக்கா. அங்கே தண்ணீர் அள்ளுகிற பக்கத்து வீட்டு இராசம்மா அக்கா. முதலாளி கூப்பிட்டு வந்த மலேரியா ஓவசியர், என் மேலாள். ஐந்தாவது ஆள், அவரோடு வந்த நான். இன்னும் ஒருவரைச் சேர்க்கலாம். மகேசுவரி அக்காவின் செம்புக்குள் சின்னிவிரல் நகமளவில் ஒரு மீன் நின்றது.

எண்பத்துநாலாம் ஆண்டு, கந்தசஷ்டியின் முதல் நாள். அக்கா ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் பிடிக்கிறவர். அந்தத் தண்ணீருக்குள்தான் மீன் நின்றது.

"இதை ஆர் காணும் விட்டது?" என்று முதலாளி கேட்டார்.

"நான்தான் விட்டனான் ஐயா," என்றேன்.

"நான் தெற்கிலை இருபது வருசம் கடை நடத்தினவன். கடையிலைகூடக் கருவாடு வித்தறியன். நீர் என்ரை சைவக் கிணத்தையே மச்சமாக்கிப் போட்டீர்."

அது எப்படி நடந்தது

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். மலேரியா ஒழிப்புக் கந்தோரில் நாட்கூலியாக இருந்தேன். மாரி தொடங்கினால் தீவுப் பகுதியில் தரவை வெளியெல்லாம் வெள்ளம் நிற்கும். வெள்ளம் நின்ற கிழமையே நுளம்பும் வரும். வீடுகளுக்கு மலத்தியன் மருந்து அடிப்பது ஒரு வேலை. கிணறுகளில் கப்பி என்ற சின்ன மீனை விடுவது மற்ற வேலை. நுளம்புக் குடம்பி, அதாவது தண்ணீரில் நெளியும் குஞ்சுப் புழு, அந்த மீனுக்குச் சாப்பாடு.

மீன் விடமுன் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். அது சட்டம். சஷ்டிக்கு ஒரு மாதம் முன்னர் நான் போன அன்று முதலாளி வீடு பூட்டிக் கிடந்தது. கலியாணம் ஒன்றுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து சைக்கிளில் கொண்டுவந்த தகரத்துக்குள் கடைசிப் பன்னிரண்டு மீன் கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு மீன் வாயைத் திறந்து திறந்து மூடின. செத்துப்போனால் ஓவசியருக்கு என்ன சொல்வது என்ற பயத்தில் கிணற்றில் ஊற்றிவிட்டேன். சம்மதத்தைப் பிறகு வாங்கலாம் என்று நினைத்தேன். பிறகு அதைக் கேட்கப் போகவும் பயம். அப்படியே ஒரு மாதம் போய்விட்டது.

நுளம்பு வலையால் மீன் பிடித்தது

"மெசின் வைச்சு அடிமட்டும் இறைச்சுப் போடுவம்," என்றார் முதலாளி.

இராசம்மா அக்கா விடவில்லை. "அடிமட்டும் இறைச்சா உவர் ஏறிப்போடும் அண்ணை. பேந்து சைவமும் இல்லை, தண்ணியும் இல்லை. விட்டவரே இறங்கிப் பிடிக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சைக்கிளில், வெளியூரில் தங்கினால் படுக்கக் கட்டும் என் நுளம்பு வலை இருந்தது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினேன். நான் பிடித்து வாளியில் போட, மேலே இராசம்மா அக்கா எண்ணினார். பன்னிரண்டு வந்ததும் நான் ஏறப் பார்த்தேன்.

"நில்லும் தம்பி, இன்னும் ஓடுது," என்றார் இராசம்மா அக்கா.

மத்தியானமாகியும் முடியவில்லை. கடைசியில் முப்பத்தொன்று.

"பன்னிரண்டு விட்டனீர். முப்பத்தொண்டு வந்திருக்கு," என்றார் முதலாளி. "என்ன கணக்குக் காணும் இது?"

"குட்டி போட்டிருக்கும் ஐயா."

"சைவ வீட்டுத் தண்ணி நல்லா ஒத்துக்கொண்டிட்டுது போலை," என்றார் இராசம்மா அக்கா. ஓவசியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தென்னையைப் பார்த்தார்.

முதலாளி சிரிக்கவில்லை. மேலிடத்துக்கு மனு எழுதிவிட்டதாகவும், விரதம் முடிந்து ஒரு மீனாவது கண்ணில் பட்டால் தபாலில் போடுவதாகவும் சொன்னார். திரும்பும்போது ஓவசியர் மெதுவாகச் சொன்னார்: "குணம், தையிலை உம்மை நிரந்தரமாக்கப் பேர் குடுத்திருக்கிறன். மனு போனால் என்னாலை ஒண்டும் செய்யேலாது."

அதன் பிறகு எனக்கு நித்திரை ஏது? ஒவ்வொரு நாளும் அந்த வழியால் சைக்கிளில் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். மீன் தெரியவில்லை. விரதம் முடிந்த கையோடு வேறொன்று தெரிந்தது. குடம்பி. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. சொன்னால் மீன் விட வழி பார்க்கிறான் என்பார்கள். சொல்லாவிட்டால் காய்ச்சல் வரும். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மகேசுவரி அக்காவே படலையில் நின்று கூப்பிட்டார். கையில் அதே செம்பு. முதலாளியும் பின்னால் நின்றார்.

"தம்பி, இது என்ன நெளியுது?"

"நுளம்புக் குடம்பி அக்கா."

"இதுக்கும் உயிர் இருக்கோ?"

"ஓம் அக்கா."

"இவ்வளவு நாளும் இதை ஆர் திண்டது?"

"மீன்தான்."

அக்கா புருசனைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியளே? இந்தக் கிணத்திலை மச்சம் திண்டது மீன்தான். அதைப் பிடிச்சு வெளியிலை விட்டிட்டு இப்ப நாங்கள் குடிக்கிறம்."

முதலாளி செம்பை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு என்னிடம், "இந்த முறை ஆறு மீன் விட்டாப் போதும். மிச்சத்தை அதுகள் பாக்கும்," என்றார்.

"சம்மதம் எழுத்திலை வேணும் ஐயா," என்றேன். அதைச் சொல்ல எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது.

அவர் உள்ளே போய் ஒரு தாளோடு வந்தார். கடை நடத்தியவர், தாளை வீணாக்கமாட்டார். என்னைப் பற்றிய மனுவின் பின்பக்கத்தில்தான் சம்மதம் எழுதியிருந்தார்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தகரத்து மீன் எல்லாம் செத்தாலும், பூட்டிய வீட்டுக் கிணற்றில் ஒன்றும் விடாதீர்கள். செத்த மீனுக்கு ஓவசியரிடம் ஒரு நாள் ஏச்சு வாங்கினால் முடிந்தது. நான் ஒரு மாதம் பயந்து திரிந்தேன்.

அந்தத் தாளைக் கந்தோரில் கொடுத்தபோது ஓவசியர் இரண்டு பக்கத்தையும் நிதானமாக வாசித்தார். "ஒரு பக்கம் உம்மை நிப்பாட்டச் சொல்லுது. மற்றப் பக்கம் உம்மைக் கெதியா வரச் சொல்லுது. எதைக் காணும் நான் பைலிலை போடுறது?"

சம்மதம் மேலே தெரியும்படி வைத்துப் பைலில் குத்தினார். தையில் நிரந்தரமானேன். யாராவது அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிடுவார்களோ என்ற யோசனை மட்டும் வேலையில் இருந்த கடைசி நாள்வரை போகவில்லை.